பண்பாடு பிறப்பில் உள்ளதோ?

பண்பாடு யாதென வினவின், ஒவ்வொரு சாராரும் ஒவ்வொரு விடை பகர்வர். கற்றோர் நிலையும் இதுவே. 1952ஆம் ஆண்டில் குரோபர், குளுக்கோன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் இருவர் இச்சொல்லுக்குப் பலர் உரைத்த இலக்கணங்களைத் தொகுத்தபோது, அவை 160க்கும் மேற்பட்டன. அறிஞரே ஒருமுகப்படாத விஷயத்தில் மற்றையோர் வேறுபடுவதில் வியப்பென்ன?

ஆயினும் அவரவர் மொழியில் அச்சொல் அமைந்துள்ள விதத்தைச் சற்று நோக்குவோம். ஆங்கிலச் சொல், நிலத்தை உழுது பேணுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. சீனர் வழங்கும் 'வென்ஹுவா' என்பது எழுத்தினால் மனிதரை மாற்றியமைத்தல் என்னும் கருத்துடையது. மலாய்க்காரரின் 'புடாயா' புத்தி என்னும் வடசொல்லை வேராகக் கொண்டது. நமது 'பண்பாடு' பண்படுதலினின்று வந்தது; நிலமும் பண்படும், நெஞ்சும் பண்படும். தோழர்களே, உழவு, எழுத்து, அறிவு, பண்படுதல் ஆகிய இந்நான்கில் ஒன்றிலேனும் பிறப்பு என்னும் பொருள் உண்டோ?

இதனை நம் கண்ணெதிரிலேயே காணலாம். வட சிலாங்கூரில் சபாக் பெர்ணம் மாவட்டத்தைச் சேர்ந்தது சுங்கை ஆயர் தாவார். இவ்வட்டாரத்து மலாய்க்காரருள் பலர் ஜாவாவிலிருந்தும் போர்னியோவின் பஞ்சார் நாட்டிலிருந்தும் வந்து குடியேறியோரின் வழிவந்தவர். மலேசிய அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு, மலாய்க்காரர் எனப்படுவோர் இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும் என்கிறது. அதனுடன் இந்நாட்டோடு பிறப்பாலோ குடியிருப்பாலோ ஒரு தொடர்பையும் வேண்டுகிறது. எத்தீவினின்று வந்த குலம் என்று அது வினவவில்லை. அவ்வாறே குடிமதிப்புக் கணக்கில் தமிழர், மலையாளி, தெலுங்கர், சீக்கியர் யாவரும் 'இந்தியர்' என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றனர். வகுப்போர் எவரோ, அவர் நோக்கிற்கேற்பவே எல்லையும் அமைகின்றது.

இனி, 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரத்துப் பூர்விக மக்களின் பண்பாடு அடிப்படையாதல் வேண்டும், பிறவற்றுள் பொருத்தமானவை ஏற்கப்படலாம், இஸ்லாம் முக்கிய அங்கமாதல் வேண்டும் என்னும் மூன்று நெறிகள் அதில் வகுக்கப்பட்டன. 'பொருத்தமானவை எவை? அதைத் தீர்மானிப்போர் யாவர்?' என்னும் கவலை பிற இனத்தாரிடம் எழுந்தது. 1983இல் சீனர் சங்கங்களும் 1984இல் இந்தியர் சங்கங்களும் பண்பாடு பற்றித் தத்தம் கோரிக்கை மனுக்களை அரசிடம் அளித்தன. எம் வேற்றுமையை மதியுங்கள் என்று கேட்பது நமது உரிமை, அதில் ஐயமில்லை.

நிற்க. அவ்வாறு கேட்கும் நாம் நம்முள் நடந்துகொண்டது எங்ஙனம்? 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலை நிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்ல அனுமதி வேண்டும் என்பது. துரைக்கு அஃது ஒழுங்கு, மரியாதை, நெடுநாளைய வழக்கம். தொழிலாளிக்கோ அவமானம். அப்போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தாரும் உளர். ஆகவே ஒரு வழக்கத்தின் தன்மையை அறிய வேண்டின், வணக்கம் பெறுபவனைக் கேட்டுப் பயனில்லை. குனிபவனையே கேட்டல் வேண்டும்.

அதே உரைகல்லில் நம் வழக்கங்களையும் உரைத்துப் பார்ப்போம். பல தோட்டங்களில் ஜாதிக்கொரு லயம் ஒதுக்கப்பட்டிருந்தது. கோயில் மரியாதையிலும் மேல் கீழ் பார்க்கப்பட்டது. துரை முன் இறங்க மறுத்தவன், தன் அண்டை வீட்டானை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொல்லலாமா?

'ஜாதியும் ஒரு வேற்றுமைதானே, பன்மையைப் போற்றும் நீர் இதனை மட்டும் ஏன் வெறுக்கிறீர்?' என்பார் உண்டு. வேற்றுமை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு என்பதே விடை. தெலுங்கர் தம் மொழியைப் பேணுவதால் தமிழர் ஒரு சொல்லையும் இழப்பதில்லை. ஜாதியோ அத்தன்மையதன்று, ஒருவன் தாழ்ந்தாலன்றி மற்றவன் அதில் உயர இயலாது. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட பண்பாட்டுப் பன்மைப் பிரகடனமும், பன்மையின் பெயரால் மனித உரிமையை மீறுதல் எவர்க்கும் தகாது என்று விளக்கியுள்ளது.

'இவ்வாறு ஒவ்வொன்றாகக் களைந்தால் சிறுபான்மையோரின் அடையாளமே அழியாதோ?' என்னும் அச்சம் நியாயமானதே. பிறர் வந்து களைந்தால் அவ்வாபத்து உண்டு. நாமே களைந்தால் அது பண்படுதல். 1946, 1947 ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினர். கள் ஒழிந்தால் தமிழ் ஒழியுமென்று அவர் தயங்கினாரில்லை.

இன்று ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கின்றது. தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் பட்டணம் பெயர்ந்துவிட்டனர். லயங்கள் பல இடிந்தன. ஆயினும் பெண் கேட்கும் பேச்சில் அவை இன்னும் சில வீடுகளில் இடியாமல் நிற்கின்றன. தமிழ்ப்பள்ளியைக் காப்போம், நூல்களைக் கற்போம், விழாக்களைக் கொண்டாடுவோம். அவற்றோடு, களை எது பயிர் எது என்று நம் மக்களுக்குக் காட்டவும் செய்வோம். தன் வீட்டில் சமத்துவம் வழங்காதவன் பிறர் வாயிலில் நின்று அதனைக் கேட்பின், அக்குரலுக்கு வலிமை ஏது?