பிறர் ரசனையில் குடியிருத்தல்

வீட்டைப் புதுப்பிக்க இன்டீரியர் டிசைனர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது பணமும் ரசனையும் சம்பந்தப்பட்ட காரியம் என்றே பேசப்படுகிறது. அறம் சம்பந்தப்பட்ட பிரச்னை ஒன்றும் அதில் இருக்கிறது. நான் எப்படி வாழ்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பில் எவ்வளவு பங்கை இன்னொருவரிடம் பணம் கொடுத்து ஒப்படைக்க முடியும்?

வியன்னாவின் கட்டிடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1900-இல் ஒரு பணக்கார ஏழையைப் பற்றிக் கிண்டலாக ஒரு கதை எழுதினார். கலை வேண்டுமென்று அவன் தன் வீட்டை ஒரு கட்டிடக் கலைஞரிடம் ஒப்படைக்கிறான். ஒவ்வொரு பொருளுக்கும் அவர் இடம் நிர்ணயித்து விடுகிறார். பிறந்த நாளன்று மனைவியும் குழந்தைகளும் தந்த பரிசுகளை எங்கே வைப்பதென்று கேட்க அவரை அழைக்கிறான். வந்தவர், படுக்கையறைக்கென்று தான் வரைந்த செருப்பை அவன் வேறு அறையில் போட்டிருப்பதைக் கண்டு கோபப்படுகிறார். எல்லாம் பூர்த்தியான பிறகு பரிசு பெற அவனுக்கு என்ன உரிமை?

கிண்டல்தானே என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து ஃபாக்ஸ் நதிக்கரையில், டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்காக மீஸ் வான் டெர் ரோ கட்டிய கண்ணாடி வீடு 1951-இல் முடிந்தது. செலவுத் தகராறு கோர்ட்டுக்குப் போயிற்று. பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குப்பைக் கூடைகூட வைக்க முடியவில்லை, பாதையிலிருந்தே தெரிகிறது என்று 1953-இல் ஒரு பத்திரிகையிடம் அவர் சொன்னார். மீஸ் அவரை ஏமாற்றவில்லை. அந்த வீட்டின் மாதிரி 1947-இலேயே நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே ஒரு காலையில் விழித்தெழுவது எப்படியிருக்கும் என்பதை எந்த மாதிரியும் சொல்லாது. அனுபவத்துக்கு முன்பே தேர்வு நடந்தாக வேண்டியிருக்கிறது, சிக்கல் அங்கேதான்.

சொன்னதைச் செய்பவரே போதும் என்பது இதற்குப் பதிலாகாது. அதற்கு ஒரு தச்சரும் கொத்தனாரும் போதும். நம் கண்ணுக்குத் தப்பியதைப் பார்க்கவே டிசைனரை அழைக்கிறோம். அவர் பார்வையை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் பணம் தருபவரும் டிசைனரும் உட்கார்ந்து பேசி முடிக்கிற வீட்டில், நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவள் வேறொருத்தி. தரையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து பழகிய கிழவிக்கு நின்று நறுக்கும் மேடை வருகிறது. வேலைக்கு இடைஞ்சலென்று அம்மி கொல்லைக்குப் போகிறது. அவளை யாரும் கேட்கவில்லை. இதில் டிசைனரின் குற்றத்தைவிடப் பணம் தருபவரின் குற்றமே பெரிது. தனக்குச் சொந்தமில்லாத சம்மதத்தை அவர் கொடுத்துவிட்டார்.

டிசைனர்கள் காட்டும் ஆல்பங்களில் பெரும்பாலும் மனிதர்கள் இருப்பதில்லை. படம் பிடிப்பதற்கென்று ஒழுங்குபடுத்தப்பட்ட அறைகள் அவை. ஆகவே ஆல்பத்தை மூடிவிட்டு, ஐந்து வருஷத்துக்கு முன் அவர் முடித்துக் கொடுத்த வீடு ஒன்றுக்கு, அங்கிருப்பவர்கள் அனுமதித்தால், அவரோடு போய்ப் பார்க்கலாம். இதற்குள் அவர்கள் ஒரு கொடி கட்டியிருப்பார்கள், காலண்டர் மாட்ட ஆணி அடித்திருப்பார்கள், அலமாரிக் கதவைக் கழற்றியிருப்பார்கள். அவற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறாரா, அல்லது ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படிக் கேட்பவரிடம் வீட்டை நம்பிக் கொடுக்கலாம். அவரும் நம் வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தக் கிழவியிடம் பேசுகிறாரா என்று பார்த்துக்கொண்டுதான்.