தீவில் நாய்கள் இல்லை

சேலத்தில் விலங்குகள் காப்பகம் ஒன்றுக்குப் போய் "நாய்க்குட்டி வாங்கணும்" என்றேன். அங்கிருந்த பெண் உடனே திருத்தினார். "வாங்கறதில்லீங்க, தத்தெடுக்கறது." கையில் ஒரு படிவம் கொடுத்தார். கட்டிப்போட மாட்டேன், தடுப்பூசி போடுவேன், வயது வந்ததும் கருத்தடை செய்வேன், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன், வளர்க்க முடியாவிட்டால் இங்கேயே திரும்பக் கொண்டுவந்து விடுவேன். கீழே கையெழுத்து. வாடகை வீட்டுக்குக்கூட நான் இவ்வளவு கவனமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அம்மாவுக்கு உறுத்தியது நாய் இல்லை, அந்தச் சொல்தான். "நாயப் போயித் தத்துன்னு சொல்லாத கண்ணு. கேக்கறவங்க என்ன நெனப்பாங்க. எடுத்து வளத்தறேன்னு சொல்லு." அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் 'தத்து' லேசான சொல் இல்லை. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன ஊர்கள் இவை. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கிய இடம் சேலம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. அம்மாவின் தலைமுறைக்குத் தத்து என்றால் அரசு ஆஸ்பத்திரி வாசலில் வைத்திருந்த அந்தத் தொட்டில் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சொல்லை ஒரு நாய்க்குட்டிக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

காப்பகத்தில் இருந்த குட்டிகளில் பெரும்பாலானவை பொட்டைக் குட்டிகள். ஆண் குட்டி என்றால் தோட்டத்துக்கு, கோழிப்பண்ணைக்கு, லாரிப்பட்டறைக்கு என்று யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பொட்டை என்றால் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ பைபாஸ் ஓரத்திலோ விட்டுவிடுவார்கள். "வருஷத்துக்கு ரெண்டு ஈத்து, யாருங்க பாக்கறது?" என்று நியாயமும் சொல்வார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வேறொன்றும் சேர்ந்து கேட்கிறது. குழந்தையையும் நாயையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம், நான் அப்படி வைக்கவில்லை. ஆனால் ஒரு ஊர் எதை யார் தலையில் கட்டலாம், எதைச் சாக்கில் கட்டலாம் என்று கணக்குப் போடும் விதம் ஒன்றேதான்.

குட்டிக்கு ராகி என்று பெயர் வைத்தேன், நிறத்துக்காக. நான்கு மாதம் என்னோடு அஸ்தம்பட்டி மாடி அறையில் இருந்தாள். அதற்குள் நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் போட்டிருந்த திட்டத்துக்கு நாள் வந்தது: லட்சத்தீவு. சேலத்தில் ரயில் ஏறி எர்ணாகுளம், கொச்சியில் கப்பல், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஐந்து நாள். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே செலவு. டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி வந்தது. நம்மை மட்டுமே உலகமாக நினைக்கும் ஓர் உயிரை, நம்முடைய சந்தோஷத்துக்காக ஐந்து நாள் விட்டுவிட்டுப் போகலாமா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒரு நண்பன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தான். அந்தக் காசில் காப்பகத்தில் இருக்கும் எத்தனை குட்டிகளுக்கு ஊசி போடலாம் தெரியுமா என்றான். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. அதை ஏற்றால் டீ குடிக்கவும் முடியாது; அதைச் சொன்னவனும் அன்று சாயங்காலம் தட்டுவடை செட் தின்றுகொண்டுதான் சொன்னான். என்னைத் தொந்தரவு செய்தது உலகத்தில் உள்ள நாய்கள் இல்லை, இந்த ஒரு நாய். கையெழுத்துப் போட்டது இவளுக்காகத்தான்.

லட்சத்தீவில் நாய்களே கிடையாது என்பது பயண ஏற்பாட்டின்போதுதான் தெரிந்தது. வெளியிலிருந்து கொண்டுபோகவும் விடமாட்டார்கள். ஆக, "நாயையும் கூட்டிட்டுப் போயிடு" என்ற யோசனை முதலிலேயே செத்தது. தொட்டடுத்த மாலத்தீவிலும் நாய் இறக்குமதிக்குத் தடை. நம்மவர்கள் சொர்க்கம் என்று ஸ்டேட்டஸ் போடும் இரண்டு தீவுக்கூட்டங்களிலும் நாய்க்கு அனுமதி இல்லை.

சொர்க்கம், நாய்க்கு அனுமதி இல்லை என்றதும் யாருக்கும் தர்மர் ஞாபகம் வந்துவிடும். மகாபிரஸ்தானிக பர்வத்தில் தம்பிகளும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட, தர்மரோடு கடைசிவரை நடப்பது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தர்மர் மறுக்கிறார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கடுத்து வரும் வழக்காடல். இந்திரன் லேசுப்பட்ட ஆள் இல்லை. தம்பிகளையும் மனைவியையுமே விட்டுவிட்டு வந்தாய், ஒரு நாயை விடமாட்டாயா என்று கேட்கிறான். தர்மரின் பதில்: அவர்கள் செத்துவிட்டார்கள், என்னால் எழுப்ப முடியவில்லை; உயிரோடு இருக்கும்போது நான் அவர்களை விடவில்லை. இது உயிரோடு இருக்கிறது, என்னை நம்பி வந்திருக்கிறது.

கடைசியில் அந்த நாய் தர்மதேவதை என்று தெரியவருவதுதான் எனக்கு உறுத்தல். அது வெறும் நாயாகவே இருந்திருந்தால்? தேர் திரும்பிப் போயிருந்தால், பனியில் ஒரு கிழவனும் ஒரு நாயும் நின்றிருந்தால், அப்போதும் அது சரியான முடிவுதானே? பரிசு வந்ததால் அந்த நிலை மறைந்துபோகிறது. இதே பாரதத்தின் ஆதிபர்வத்தில் இன்னொரு நாய் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஜனமேஜயனின் யாகசாலைக்கு வந்த ஒரு நாயை அவன் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். அதன் தாய் சரமை வந்து, என் பிள்ளை எதையும் நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை, ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். பதில் இல்லை. சபிக்கிறாள். அந்த நாய் எந்தத் தேவனும் இல்லை, அடிபட்ட நாய் மட்டும்தான். எனக்கு இரண்டாவது கதையில்தான் அதிக நம்பிக்கை.

மேற்கில் இதைப் பற்றி யோசித்தவர்களில் இம்மானுவேல் காண்ட் ஓர் உதாரணம் சொல்கிறார். உண்மையாக உழைத்த நாய் கிழடானபின் அதைச் சுட்டுக் கொல்பவன், நாய்க்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறவில்லை. தன்னிடம் இருக்கும் மனிதத்தன்மையைத்தான் கெடுத்துக்கொள்கிறான். மனிதர்களிடமும் பின்னால் அப்படி நடந்துகொள்வான் என்பது அவர் பயம். ராகியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்த்தால் எவ்வளவு அபத்தம் என்று தெரியும். அவளுக்குப் பசிப்பது என் குணத்துக்கான பயிற்சி இல்லை. இதற்கு நேர் எதிராக, 2011இல் 'ஸூபோலிஸ்' நூலை எழுதிய சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும், வீட்டு விலங்குகளை நம் சமூகத்தின் குடிமக்களாகவே கருத வேண்டும் என்கிறார்கள். குறைந்தது 15,000 ஆண்டுகளாக நாயை நம் அடுப்போரம் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் நாம். இப்போது 'நீ யாரோ, நான் யாரோ' என்று சொல்ல முடியாது. எனக்கு இந்த வாதம் பிடிக்கும். குடிமகன் என்றால் ஒரே ஒருவரின் சொத்து இல்லை, ஒரே ஒருவரின் பொறுப்பும் இல்லை என்பதால்.

நான் முடிவுக்கு வந்தது இந்த இடத்தில்தான். எங்கள் அம்மாயி தோட்டத்தில் எப்போதும் ஒரு நாய் இருக்கும், பெரும்பாலும் மணி. அதை யாரும் தத்தெடுக்கவில்லை. காலையில் அம்மாயி களி போடுவார், மத்தியானம் பண்ணையத்து ஆள், ராத்திரி பக்கத்துக் காட்டுக்காரர். அம்மாயி பழனிக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தாலும் மணி சாப்பிட்டிருக்கும். இதைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. அந்த மணிகளுக்கு ஊசி கிடையாது. கழிச்சல் வந்தால் மூன்றாம் நாள் புதைப்போம். அடுத்த வாரம் இன்னொரு மணி வரும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது. அங்கே மாட்டைக் கொண்டுபோன எங்கள் குடும்பத்துக்கு நாயையும் கொண்டுபோகலாம் என்று தோன்றியதே இல்லை. ஆனாலும் அந்த வாழ்க்கையில் ஒன்று இருந்தது. ஒரு மனிதர் இல்லாமல் போனால் அந்த நாயின் உலகம் முழுதாக இடிந்துவிடாது. மாடி அறையில் என்னோடு தனியாக இருந்த ராகிக்கு இடிந்துவிடும்.

நாய்க்கு 'ஐந்து நாள்' என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனிடம் வாக்குக் கொடுக்க முடியாது, மன்னிப்புக் கேட்க முடியாது. அதற்குத் தெரிவது ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதுதான். அப்படியென்றால் நான் திரும்பி வருவேன் என்ற எண்ணம் எனக்கு மட்டும்தான் ஆறுதல், அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அவளுக்குப் பயன்படக்கூடியது, என்னைத் தவிரவும் அவள் நம்பும் ஆட்கள் இருப்பது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை ராசிபுரத்துக்குக் கொண்டுபோனேன். முதல் வாரம் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "கிட்ட வராத, போ" என்றார். மூன்றாவது வாரம் "இது தயிரு குடிக்குமா?" என்று கேட்டார். காப்பகத்துக்குப் போன் செய்து, இது 'வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்' என்ற விதியை மீறுவதாகுமா என்று கேட்டேன். "அம்மாகிட்ட விடறது கொடுக்கறது இல்லீங்களே" என்று சிரித்தார் அந்தப் பெண். சரி, ஆனால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று படிவத்தில் எழுதியிருக்கவில்லை. அம்மா என்றால் சரி, அத்தை? காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் விடுதி?

தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். பாதி மனதோடு, குற்றவுணர்ச்சியோடு என்றெல்லாம் இல்லை. மேட்டூர் அணை நிரம்பினால் அதுவே கடல் என்று நினைத்து வளர்ந்தவனுக்குப் பவளப்பாறைக்குள் தேங்கிய அந்தத் தண்ணீரின் நிறம் நம்பமுடியாததாக இருந்தது. இடுப்பளவு நீரில் நின்றால் கால்விரல் நகம் தெரிகிறது. மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறினால் தீவு முழுக்கத் தென்னை, சுற்றிலும் நீலம். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்படுவதை அறம் என்று நினைக்கும் ஒரு பழக்கம் நம் இலக்கிய நண்பர்களிடம் இருக்கிறது. எனக்கு அது ஒத்துவருவதில்லை.

அங்கே வேறொன்று கவனித்தேன். கவரத்தித் தெருவில் குழந்தைகள் தனியாக நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், கையில் பிஸ்கட்டோடு. எந்த டீக்கடை பெஞ்சுக்கு அடியிலும் நாய் இல்லை, ஆட்டையும் பூனையையும் தவிர. லட்சத்தீவில் ரேபிஸ் கிடையாது. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அதில் குழந்தைகள் நிறைய. நாய் இல்லாத இடம் நன்றாகத்தான் இருக்கிறது. இதை நாய் வளர்ப்பவர்கள் வாயால் சொல்ல வேண்டும். இந்திரன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறியும் மூர்க்கமும் உள்ளவற்றைத் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் நினைவிருக்கலாம். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 22 உத்தரவில் இன்னொன்றும் உண்டு: விரும்புகிறவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் எடுத்தபின் அது தெருவுக்குத் திரும்பக்கூடாது. ஒரு நாய் தெருவில் இருந்தால் அது எல்லோருடைய பிரச்சினை, தத்தெடுத்த நிமிடத்திலிருந்து அது ஒரே ஒருவருடைய பிரச்சினை. நடுவில் எதுவும் இல்லை. அம்மாயி தோட்டத்து மணிக்கு இருந்தது இந்த இரண்டும் இல்லாத நடு இடம். ஊசி போட்ட மணியை, கருத்தடை செய்த மணியை, நான்கு வீடு சேர்ந்து வளர்க்கும் மணியை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஐந்து நாள் கப்பல் ஏறுவதற்கே ஒருவன் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால், வேலை போனவரும், ஊர் மாறுபவரும், ஆஸ்பத்திரியில் படுப்பவரும் என்ன செய்வார்கள்? காப்பகத்துக்குத் திரும்பிவரும் நாய்களைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். விட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டேதான் விட்டுப் போகிறார்கள் என்றார்.

கொச்சியில் இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் ரெண்டு நாள் கேட்டுக்கு நேராகப் படுத்துக்கொண்டு எதையும் தின்னவில்லை என்றார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீ கடல்ல குதிச்சா வருவ?" மூன்றாம் நாள் அப்பா களியில் தயிர் ஊற்றி வைத்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம், தின்றுவிட்டதாம். இப்போது வாரத்தில் நான்கு நாள் ராகி ராசிபுரத்தில்தான். பக்கத்து வீட்டுப் பையன் சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போகிறான். போன வாரம் அவர்கள் வீட்டில் திருப்பதிக்குப் போனபோது அவர்களுடைய சேவலையும் ரெண்டு ஆட்டையும் அம்மா பார்த்துக்கொண்டார். கருத்தடைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். யார் கூட்டிப்போவது என்று இன்னும் பேசி முடிவாகவில்லை.