வராத புகையிரதத்துக்கு வகுத்த பாதை

மனிதன் ஒரு நோக்கத்தை மனத்திற்கொண்டு பாடுபட்டு உழைக்கிறான். அந்த நோக்கம் நிறைவேறாமற் போய்விடுகிறது. அப்படியாயின் அவன் உழைப்பு வீண் என்று சொல்லத் தகுமா? அறநெறியாளர்களைக் காலங்காலமாக அலைக்கழித்து வந்த கேள்வி இது. சபை உரையாளர் நூலின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தவர்கள் அந்த ஞானியின் மனத்துயரை அறிவர். தான் தேடி வைத்ததெல்லாம் தனக்குப்பின் வரும் ஒருவன் கைக்குப் போகும், அவன் எத்தகையவனாயிருப்பானோ என்ற எண்ணமே அவருக்கு வாழ்வைக் கசக்கச் செய்துவிடுகிறது.

இக்கேள்வியை ஏட்டளவில் வைத்துத் தர்க்கம் புரிவதிலும் பார்க்க, கண்ணாற் காணக்கூடிய ஓரிடத்தில் வைத்துச் சிந்திப்பது நன்று. அத்தகைய இடம் ஒன்று ஸ்பெயின் நாட்டின் தெற்கே, அந்தலூசியாவில், காடிஸ் மலைநாட்டில் இருக்கிறது.

அங்கே ஒல்வேரா என்று ஒரு மலையூர். சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள் குன்றின்மீது அடுக்கடுக்காக ஏறிச்செல்ல, உச்சியில் பழைய கோட்டையும் அதனருகே பெரிய கோவிலும் நிற்கின்றன. ஊருக்குப் புறத்தே மாதாவின் திருத்தலம் ஒன்று உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு கழிந்த திங்களன்று மக்கள் அங்கே யாத்திரை செல்வர். பண்டொருகால் கொடிய வறட்சியிலே மாதாவை மன்றாடி மழை பெற்றதற்கான நன்றிக்கடன் அது. இந்த ஒல்வேராவிலிருந்து புவேர்த்தோ செர்ரானோ என்னும் ஊர் வரை 36 கிலோமீற்றர் நீளமான பாதையொன்று மலைகளூடே போகிறது. மோட்டார் வாகனம் எதற்கும் அதில் இடமில்லை. துவிச்சக்கர வண்டியில் செல்வோரும், கால்நடையாகப் போவோரும், குதிரையில் வருவோரும் மட்டுமே அதன் பாவனையாளர்கள். வழியிலே 30 சுரங்கங்கள். அவற்றுள் மிக நீண்டது ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். பள்ளத்தாக்குகளைக் கடக்க உயரமான நான்கு பாலங்கள்.

சைக்கிளோட்டிகளுக்காக யாராவது மலையைக் குடைந்து முப்பது சுரங்கம் வெட்டுவார்களா? வெட்டமாட்டார்கள். அது புகையிரதத்துக்காக வகுத்த பாதை. ஆனால் அதன்மீது ஒரு புகையிரதமேனும் ஓடியதில்லை.

வரலாறு சுருக்கமாக இது. 1920களில் ஸ்பெயினை ஆண்ட பிறிமோ டி றிவேராவின் அரசாங்கம், நாடெங்கும் உடனடியாக அமைக்கப்பட வேண்டிய புகையிரதப் பாதைகளைக் குறித்து 1926இல் ஒரு திட்டம் வகுத்தது. ஹெரெஸ் நகரையும் அல்மார்கென் என்னும் ஊரையும் இணைக்கும் பாதை அதிலே சேர்ந்தது. மலைநாட்டின் கோதுமையும் ஒலிவ எண்ணெயும் இலகுவாகச் சந்தைக்குப் போகும், ஒதுங்கிக் கிடந்த ஊர்கள் உலகைக் காணும் என்பது நம்பிக்கை. வேலை தொடங்கிற்று, மலைகள் குடையப்பட்டன, பாலங்கள் எழும்பின, வழியிலே நிலையக் கட்டடங்களும் தோன்றின. பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தது. 1936இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்து நாடு தலையெடுக்கும் வேளையிலே, பாரவண்டிகளும் பஸ்களும் புகையிரதத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. 1962இல் உலக வங்கி ஸ்பெயினின் பொருளாதாரம் பற்றி வெளியிட்ட அறிக்கை, புதிய பாதைகளை அமைப்பதிலும் இருக்கும் பாதைகளைச் சீராக்குவதே மேல் என்ற கருத்தைச் சொன்னது. 1960களில் இப்பாதை முற்றாகக் கைவிடப்பட்டது. ஆட்டு மந்தைகளும் முட்புதர்களும் அதை எடுத்துக்கொண்டன.

1993இல் ஸ்பெயினில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரியவையாக்கி, ‘பசுமை வழிகள்’ என்று பெயரிட்டனர். இன்று அவை நாடு முழுவதிலுமாக 3,000 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை தம் கடமையைச் செய்து முடித்து ஓய்வு பெற்றவை எனலாம். தெருவேல் மாநிலத்து ஓகோஸ் நேக்ரோஸ் சுரங்கங்களிலிருந்து சாகுந்தோத் துறைமுகத்துக்கு இரும்புக்கல் சுமந்த பாதை 1907 முதல் 1972 வரை உழைத்தது. வடக்கே அஸ்தூரியாஸ் மலைகளிலே ‘கரடி வழி’ என்று பேர்பெற்ற பாதையும் சுரங்கத் தொழிலுக்குச் சேவகம் செய்த சிறு புகையிரதம் ஓடிய தடந்தான். ஒல்வேராவின் பாதையோ உழைத்து ஓய்ந்ததன்று. பிறவாமலே இறந்த பிள்ளை அது. ஆகவேதான் நமது கேள்விக்கு அது மற்றவற்றிலும் பொருத்தமானது.

இரண்டு விடைகள் உடனே நாவில் வந்து நிற்கும். முதலாவது, கணக்குப் பார்ப்பவன் சொல்வது: பணமும் வியர்வையும் மண்ணோடு மண்ணாயின, பிற்காலத்தில் யாரோ கெட்டித்தனமாக அவற்றில் ஒரு பங்கை மீட்டெடுத்தார்கள், அவ்வளவுதான். மற்றது பக்தியுள்ளவர்கள் சொல்வது: மனிதன் புகையிரதத்தை நினைத்தான், கடவுளோ அன்றே சைக்கிள் பாதையை நினைத்துவிட்டார். இந்த இரண்டாம் விடையை நான் அஞ்சுகிறேன். தெய்வ பராமரிப்பை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தீமையிலிருந்தும் நன்மையைப் பிறப்பிக்க வல்லவர் இறைவன் என்பது நமது விசுவாசம். ஆனால் அந்தச் சத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய், திட்டமிட்டவர்களின் பிழைகளுக்கும் யுத்தம் மூட்டியவர்களின் பாவங்களுக்கும் போர்வையாகப் போர்த்துவது நன்றன்று. யோசேப்பு தம் சகோதரரை மன்னித்தபோது, அவர்கள் செய்தது தீமையே என்பதை மறைத்துப் பேசவில்லை.

இழப்பு மெய்யான இழப்பு. காடிஸ் மாநிலம் அக்காலத்தில் பெருநிலக்காரரும் நிலமற்ற கூலியாட்களும் நிறைந்த நாடு. 1933 ஜனவரியில், அதே மாநிலத்துக் காசாஸ் வியேகாஸ் என்னும் கிராமத்திலே, நிலம் கேட்டுக் கிளர்ந்த ஏழை விவசாயிகள் அரச படையினராற் கொல்லப்பட்ட சம்பவம் ஸ்பெயினையே உலுக்கியது. அத்தகைய வறுமைக்குள்ளே புகையிரதம் வரும் என்ற வாக்கு எவ்வளவு பெரிதாய் ஒலித்திருக்கும்! வாக்கு பொய்த்தது. 1950களிலும் 1960களிலும் அந்தலூசியாவின் இளைஞர் திரள்திரளாகக் கற்றலோனியாவுக்கும் ஜேர்மனிக்கும் வேலை தேடிப் புறப்பட்டனர். புகையிரதம் வந்திருந்தால் அவர்கள் போகாதிருப்பார்கள் என்று நாம் துணிந்து கூற முடியாது. எனினும் அவர்களில் ஒருவரை அழைத்துவந்து, இதோ பார், உன் ஊருக்கு வரவேண்டிய புகையிரதத்துக்குப் பதிலாகப் பட்டணத்தார் விடுமுறையிலே சைக்கிளோட ஒரு பாதை கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சிதானே என்று கேட்க யாருக்கு மனம் வரும்?

ஆகையால் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். அக்குவீனாஸ் வழிவந்த மெய்யியலாளர், செயலின் நோக்கம் வேறு, செய்பவனின் நோக்கம் வேறு என்று வகுத்துக் காட்டுவர். ஆட்சியாளரின் நோக்கம் புகையிரதம். குத்தகைக்காரனின் நோக்கம் இலாபம். பாறையை உடைத்த கூலியாளின் நோக்கம் என்ன? அன்று மாலை வீட்டில் அடுப்பெரிய வேண்டும், பிள்ளைகள் பசியாற வேண்டும். அந்த நோக்கம் அன்றன்றே நிறைவேறியது. எந்த யுத்தமும் அதைப் பின்னோக்கிச் சென்று அழிக்க முடியாது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்டெம்பர் 14இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலில் கற்பித்ததும் இதனோடு ஒட்டியது. வேலையின் மதிப்பை அதனால் உண்டாகும் பொருளை வைத்து மட்டும் அளக்கலாகாது. அதைச் செய்பவன் ஒரு மனிதன் என்பதிலிருந்தே அந்த மதிப்பு முதலாவதாகப் பிறக்கிறது என்பது அவர் போதனை.

இதற்கு ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லலாம்: ‘அப்படியானால் காலையில் குழி தோண்டச் செய்து மாலையில் மூடச் செய்து கூலி கொடுத்தாலும் சரிதானே?’ சரியன்று. ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி, சைபீரியச் சிறையில் தாம் பட்டதை வைத்து எழுதிய நூலிலே, முற்றிலும் பயனற்ற வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதே மனிதனை நசுக்கும் கொடிய தண்டனையாகும் என்று காட்டுகிறார். கூலி கிடைத்தாலும் பொருளற்ற வேலை மனிதனை அவமதிக்கிறது. ஒல்வேராவின் தொழிலாளி அந்த நிலையில் இருக்கவில்லை. புகையிரதம் வரும் என்றே அவன் உளி பிடித்தான். எதிர்காலம் அவனை ஏமாற்றியது உண்மை. ஆனால் உளி பிடித்த வேளையில் அவன் செய்தது அறிவுள்ள மனிதனுக்கு ஏற்ற வேலை. முடிக்கப்படாது என்று தெரிந்துகொண்டே ஒரு வேலையைத் தொடக்கிவைப்பவன் இருந்தால், கணக்குக் கேட்கப்படவேண்டியவன் அவன். அறியாமல் உழைத்தவனிடம் குறை காண ஏதுமில்லை.

இன்னும் ஒன்று உண்டு; எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மலையேறும் சாதாரணத் தெருவிலே சைக்கிள் மிதித்துப் பாருங்கள், நெஞ்சு வெடிக்கும். புகையிரதமோ செங்குத்தாக ஏறும் வல்லமையற்றது. நூறு மீற்றர் தூரத்துக்கு இரண்டு மூன்று மீற்றர் ஏறினாலே அதற்கு அதிகம். ஆகையால் பொறியியலாளர் மேட்டைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் வழியை ஏறக்குறையச் சமமாக்க வேண்டியிருந்தது. மலைகள் தாழ்த்தப்படும், பள்ளங்கள் நிரப்பப்படும் என்று எசாயா கண்ட காட்சியைத் திருவருகைக் காலந்தோறும் கேட்டுவரும் நமக்கு இது புதிதாய்த் தோன்றாது. அந்தச் சமன்தான் இன்று முதியவரையும் சிறு பிள்ளையையும் மலைக்குள் கொண்டுசெல்கிறது. சக்கர நாற்காலியிலிருப்பவரும் அதன் சில பகுதிகளில் போகலாம். இரும்பு இயந்திரத்தின் பலவீனத்துக்காகச் செய்த ஏற்பாடு, மனிதரில் பலவீனருக்கு உபகாரமாயிற்று. இதை எந்த அமைச்சரும் திட்டமிடவில்லை.

வாகனம் ஓடும் பெருந்தெருவிலே பாரம் கூடியவனுக்கே முதலிடம். லொறிக்குக் கார் ஒதுங்கும், காருக்குச் சைக்கிள் ஒதுங்கும், நடப்பவன் வாய்க்காலுக்குள் இறங்குவான். சட்டம் வேறு சொன்னாலும் நடைமுறை இதுவே. பசுமை வழியில் இந்த வரிசை தலைகீழாகிறது. சைக்கிளோட்டி நடப்பவனுக்காக வேகத்தைத் தணிக்கிறான். சிறு பிள்ளை நடுப்பாதையில் வளைந்து வளைந்து ஓட்டினாலும் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. பொழுதுபோக்குத்தானே என்று இதை அற்பமாய்க் கருதுவோரும் உளர். நான் அவர்களோடு இல்லை. ஓய்வுநாளை உண்டாக்கியவர் ஆண்டவரே. கோதுமை மூடை போக வழி வேண்டுமென்பது நியாயமானால், களைத்த மனிதன் அச்சமின்றிக் காற்று வாங்க வழி வேண்டுமென்பதும் நியாயமே. அந்த மலைவாசிகளுக்கு முதலாவது கிடைக்காமற் போயிற்று என்ற குறையை இரண்டாவது தீர்த்துவிடும் என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

பாதையின் இடைவழியில் சாஃப்ராமகோன் என்னும் பெரும் பாறைக்குன்று எழுந்து நிற்கிறது. பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் அதன் வெடிப்புகளிற் கூடுகட்டி வாழ்கின்றன. அரசு அதைக் காப்பிடமாக்கியிருக்கிறது. பயணிகள் வந்திறங்காத பழைய நிலையக் கட்டடம் ஒன்றில் இன்று அப்பறவைகளைப் பற்றி மக்களுக்கு விளக்கும் நிலையம் இயங்குகிறது. வேறு நிலையங்களிலே உணவும் படுக்கையும் கிடைக்கின்றன. அவற்றால் ஊரவர் சிலருக்குப் பிழைப்பும் உண்டாகிறது. பெரிய தொகையாக இராது, ஆயினும் பிழைப்பு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற சங்க ஏடு, மனிதர் இவ்வுலகில் உழைத்துப் பெற்ற நற்கனிகள் இறுதியில் அழிந்தொழியாமல், மாசு நீங்கிய நிலையிலே மீண்டும் நம்மை வந்தடையும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. சபை உரையாளரின் புலம்பலுக்கு அது விடை. ஆனால் அவ்விடை மறுமைக்குரியது என்று இம்மையில் நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. சமாரியப் பெண்ணைச் சந்தித்த பின் ஆண்டவர் தம் சீடரிடம் விதைப்பவனையும் அறுப்பவனையும் பற்றிப் பேசினாரல்லவா? அங்கே அறுப்பவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது: பிறர் பாடுபட்ட இடத்தில் தாங்கள் நுழைந்திருக்கிறோம் என்பதை அறிந்திருப்பது. ஒல்வேராச் சுரங்கங்களுள் சைக்கிள் ஓட்டுபவர் இருளுக்குள் நுழையும்போது, தலைக்கு மேலுள்ள வளைவு இடிந்து விழாது என்று எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. அதைக் கட்டியவன் தன் காலத்தில் எவரும் பார்க்கப்போகாத இருட்டில் நின்று, சாந்தைச் சரியாகக் குழைத்து, கல்லைச் சரியாகப் பொருத்தியிருக்கிறான். மேற்பார்வையாளன் அப்பாற் போனதும் கைவேலையில் களவு செய்ய அவனுக்கு வாய்ப்பு இருந்திருக்கும். அவன் யாருக்காக அதைக் கட்டினானோ அந்தப் பிரயாணிகள் வரவில்லை. அவன் அறியாத வேறு பிரயாணிகள் வந்தார்கள். வந்தவர்கள் தலைமேல் ஒரு கல்லும் விழவில்லை. கோடை வெயிலிலே அந்தச் சுரங்கங்களுள் குளிர்ச்சியாய் இருக்குமாதலால், பலர் அங்கே இறங்கிச் சற்று நின்று, தண்ணீர் குடித்துவிட்டே அப்பாற் செல்கிறார்கள்.