‘அது’ என்பதா, ‘அவள்’ என்பதா?

எட்டுக் கால்கள், மலைபோன்ற உடல், இரும்பையும் தின்று செரிக்கும் வயிறு, வாய் திறந்தாலோ சிறு குழந்தையின் குரல்! இப்படி ஓர் உயிர் நம் தெருவிலே வந்து நின்றால், எந்தச் சொல்லால் அதனைச் சுட்டுவோம்? அஃறிணையிலே சேர்ப்போமா, உயர்திணையிலே சேர்ப்போமா?

இலக்கண விளையாட்டு அன்று இது. அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் ஹைன்லைன் இளைஞர்களுக்கென எழுதி 1954இல் வெளியிட்ட ‘தி ஸ்டார் பீஸ்ட்’ என்னும் விண்வெளிப் புதினத்தைப் படித்து முடித்தபோது நம் உள்ளத்தைக் குடைந்த கேள்வி.

ஜான் தாமஸ் என்னும் மாணவன் வீட்டிலே வளர்கிறது லம்மாக்ஸ். அவன் மூதாதை ஒருவர் விண்பயணத்தின்போது கொண்டுவந்த குட்டி. தலைமுறை தலைமுறையாக அவ்வீட்டுப் பிள்ளைகளின் தோழமை. ஒருநாள் வெளியேறி ஊருக்குள் நுழைகிறது. தோட்டம் பாழாகிறது; கட்டடம் சிதைகிறது; ஊர் கொதிக்கிறது. வழக்கு மன்றம் ஏறுகிறது விவகாரம். “கொன்றுவிடுக!” என்பதே கூக்குரல். லம்மாக்ஸ் பேசும் என்பதை ஊரே அறியும். அறிந்தும் என்ன? உருவம் விலங்கு, ஆகவே உயிரும் விலங்கு! இதுதான் ஊரார் கண்ட நியாயம்.

இதே கதையில் கிக்கு என்றொருவர் வருகிறார். கென்யாவிலே பிறந்தவர், விண்வெளித் துறையின் நிலையான சார்புச் செயலாளர். பாம்பென்றால் நடுங்குபவர். அவரிடம் பேசவரும் வேற்றுலகத்தவர் ஒருவரின் தலையிலோ, முடிக்குப் பதிலாகப் பாம்பென நெளியும் உறுப்புகள்! கிக்கு விரட்டினாரா? இல்லை. குறை வந்தவரிடம் இல்லை, தம்மிடமே என்று உணர்ந்தார், அதற்கு மருத்துவம் செய்துகொண்டார், எதிரே அமர்ந்து உரையாடினார், நண்பருமானார். அருவருப்பு ஓர் உணர்ச்சி. அது வாதமாகாது, தீர்ப்பும் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

நூல் வெளிவந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். அன்று கென்யா, பிரிட்டிஷ் ஆட்சியின் நெருக்கடிநிலையிலே நசுங்கிக் கிடந்தது. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளிலே நிறத்தால் பிள்ளைகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த 1954, மே 17 அன்றுதான். அத்தகைய காலத்திலே உலகின் பொறுப்பை ஓர் ஆப்பிரிக்கரின் தோளில் ஏற்றிவைத்தது எழுத்தாளரின் துணிவு.

பிறகு வருகிறது திருப்பம். வலிமைமிக்க வேற்றுலகத்தார் விண்கலத்திலே வந்து, காணாமற்போன தங்கள் குழந்தையைக் கேட்கிறார்கள். தராவிடில் அழிவு என்கிறார்கள். லம்மாக்ஸ்தான் அக்குழந்தை. அதுவும் அரசகுலத்துப் பெண்! அதுமட்டுமா? தன்னை வளர்த்ததாக எண்ணிய ஜான் தாமஸ் வழியினரை, உண்மையில் தானே பொழுதுபோக்காக வளர்த்துவந்ததாக அவள் கருதுகிறாள். யார் யாருக்குச் செல்லப்பிராணி? மனிதச் செருக்கின் மீது விழுந்த சுவையான அடி!

‘அது’ என்று தொடங்கிய நாமும் இப்போது ‘அவள்’ என்கிறோம். எப்போது மாறினோம்? பேசியபோது மாறவில்லை. அழுதபோது மாறவில்லை. குலம் தெரிந்தபின், படைபலம் தெரிந்தபின் அல்லவா மாறினோம்! வெட்கம் நமக்கும் உரியதே.

அரசகுமாரியாக இல்லாதிருந்தால்? தேடிவர விண்கலம் இல்லாதிருந்தால்? நேற்றுப் பேசிய அதே உயிர்தான். நேற்று அடித்த அதே நெஞ்சுதான். பிறப்பு அறிந்தபின் தரும் மதிப்பு பிறப்புக்குத் தரும் மதிப்பு. வலிமை கண்டபின் வழங்கும் நீதி அச்சத்தின் மறுபெயர். இரண்டும் அறமாகா.

அறம் கதையிலே இல்லாமல் இல்லை. சட்டம் கைவிட்டபோது, குலமும் கோத்திரமும் அறியாதபோது, லம்மாக்ஸை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினானே ஜான் தாமஸ், அவனிடம் இருந்தது அது. அவனுக்கு அவள் அரசகுமாரி அல்லள், துன்பப்படும் தோழமை. அது போதுமானதாக இருந்தது அவனுக்கு.

இளைஞர்களே! நாளை நம் வாயிலில் வந்து நிற்பவர் அரசகுலத்தவராக இருக்கமாட்டார். அவர் பின்னே படை வராது. அன்று எந்தத் திணையில் அவரை வைப்போம்?