பெயிண்ட் படக் கூடாத இடம்



தூண்டில்காரர்கள் ‘ஜிக்’ என்று ஒரு பொய்யிரை வைத்திருப்பார்கள். முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்து, கெட்டியானதும் அதற்குச் சிவப்போ மஞ்சளோ பூசுவார்கள். அசைகிற இரையைத் துரத்தும் விரால் மாதிரி மீனுக்கு அது போதும். வீட்டிலேயே வார்த்துக்கொள்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. தூண்டில் நரம்பைக் கோர்க்க வேண்டிய முள்ளின் காதுக்குள்ளும் பெயிண்ட் போய் அடைத்துக்கொள்ளும்.

ஈரமாக இருக்கும்போது ஓர் ஊசியை நுழைத்து எடுத்தால் நொடியில் திறந்துவிடும். பவுடர் பூச்சு என்றால், சூடான ஈயத்தில் ஒட்டிக் குழைந்து நிற்கும்போதே, அடுப்பில் வேகவைக்கும் முன்பே, அதைச் செய்துவிட வேண்டும். வெந்து இறுகிவிட்டால் மெல்லிய டிரில் பிட்டை விரலால் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் ஓரத்தில் நிற்கிற பிசிறு நரம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நல்ல மீன் இழுக்கிற நேரத்தில் அறுந்து போவது அதனாலும்தான். பல்லால் சுரண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே இருப்பது ஈயம், உடம்புக்குள் போனால் நஞ்சு. சுரண்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள். ஈயம் உருக்கிய பாத்திரம் சமையலறைக்குத் திரும்பவே கூடாது.

தூண்டில் பிடிக்காதவர்களுக்கும் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே அடைப்பு நம் கோவையில் செய்கிற மோட்டாரிலும் பம்பிலும் உண்டு.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகு கோவையின் முகமே மாறியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்துகாட்டினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு பட்டறைதான். வார்த்து, கடைந்து, துளை போட்டு, மரை வெட்டி, கடைசியில் பெயிண்ட். அந்தக் கடைசி வேலையில் மரைக்குள் பெயிண்ட் இறங்கினால் போல்ட் ஏறாது. அதனால் அக்கறையுள்ள பட்டறைகளில் துளைக்கு அடைப்பான் வைத்தோ டேப் ஒட்டியோதான் பெயிண்ட் அடிப்பார்கள். தப்பி இறங்கிவிட்டால் மறுபடி மரை வெட்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள்.

போல்ட் ஏறாவிட்டால் உடனே தெரிந்துவிடும், சரி செய்துவிடலாம். வெளியே தெரியாமல் இருக்கிற இடம் எர்த் கம்பி முடுக்குகிற இடம். எனக்குக் கவலை அதைப் பற்றித்தான். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பளபளவென்று பச்சையோ நீலமோ அடித்த மோட்டார் உடம்பின் மேல் கம்பியின் முனையை வைத்து முடுக்கினால், பார்வைக்கு எர்த் கொடுத்த மாதிரியே இருக்கும். ஆனால் அது இரும்பைச் சரியாகத் தொட்டிருக்காது. 415 வோல்ட்டில் ஓடுகிற மூன்று பேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்று விதியே இருக்கிறது. இரண்டையும் பெயிண்ட் மேலேயே முடுக்கிவிட்டால் அந்த விதி எதற்கு?

மோட்டார் நன்றாக ஓடுகிற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் சுருள் கம்பியின் காப்பு கெட்டு, மின்சாரம் உடம்புக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது கம்பி வழியே மண்ணுக்குப் போய்ப் பியூஸ் எரிந்துவிடும். இல்லாவிட்டால் உடம்பிலேயே காத்திருக்கும். விடியற்காலையில் வாய்க்காலில் கால் நனைய வந்து மோட்டாரைத் தொடுகிறவர் நம் வீட்டு மனிதர். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலும் இதயத் துடிப்பு குலைந்துவிடக்கூடும்.

பெயிண்ட் அடிக்கிறவரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற இடத்தில், டேப் ஒட்டுகிற நேரத்துக்கும் சுரண்டுகிற நேரத்துக்கும் யார் காசு கொடுக்கிறார்கள்? அந்த இரண்டு நிமிடத்தையும் வேலையாகக் கணக்கில் எடுத்துக் கூலி கொடுக்க வேண்டியது பட்டறை நடத்துகிறவரின் பொறுப்பு. ஈரத்தில் துணியால் துடைத்தால் போகிறதைக் காய்ந்த பிறகு தோட்டத்துக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லைங்க.

தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை வயர்மேன் வரும்போது இதை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, பியூஸ் கட்டையையும் பிடுங்கி வைத்துவிட்டு, எர்த் நட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் பெயிண்டோ துருவோ இருந்தால் உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மறுபடி துரு ஏறாமல் இருக்க மேலே வாஸ்லின் தடவிவிட வேண்டும். இரண்டு எர்த்துக்கும் இதைச் செய்ய வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பாக இருந்தால் அதன் எர்த்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அதற்கும் பெயிண்ட் அடித்துத்தான் வருகிறது.