படிப்புக்குத்தான் என்று ஒரு பொய்

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தாலும் 'படிப்புக்கு' என்று சொல்லித்தான் வந்தது. 2011-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதும் அதே சொல்தான். பையன்கள் அதில் படம் பார்த்தார்கள், கேம் ஆடினார்கள். "இதுக்குத்தான் கொடுத்தாங்களா?" என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதை வைத்துப் படித்தவர்களும் இருந்தார்கள், அது ஏனோ பேச்சில் வருவதில்லை.

காவாந்தண்டலத்தில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. கம்பெனி பஸ், ஷிப்ட், சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்கு. அவனிடம் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ5, நான்கு ஜிபி ராம், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். இதைக் கேம் ஆடுகிற அளவுக்குத் தேற்ற எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கப் பார்க்கிறான். அப்பா கேட்கிறார்: "ஓடிக்கினுதான கீது, இன்னாத்துக்கு மாத்தணும்?"

வீட்டுச் சண்டை மாதிரித்தான் தெரியும். எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகப் படுகிறது. எது தேவை, எது ஆசை என்று யார் பிரிப்பது? கையில் காசு குறைவாக இருப்பவன் வெறும் சந்தோஷத்துக்காகச் செலவு செய்தால் யாரிடமாவது கணக்குக் காட்ட வேண்டுமா?

முதலில் அந்த 'ஓடிக்கினுதான கீது' என்பதைப் பார்ப்போம். அப்பாவின் அனுபவத்தில் எந்தப் பொருளும் தானாகத்தான் கிழடாகும். பம்ப்செட் மோட்டாரில் காயில் எரியும், ரீவைண்டிங் செய்தால் மறுபடி ஓடும். கம்ப்யூட்டர் வேறு மாதிரி. 2012-இல் செய்த வேலையை இன்றும் ஏறக்குறைய அதே வேகத்தில் செய்யும். பையன் ஆடிக்கொண்டிருந்தது கவுன்ட்டர் ஸ்ட்ரைக். 2023 செப்டம்பரில் பழைய ஆட்டத்தின் இடத்தில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 வந்து உட்கார்ந்தது. நேற்றுவரை போதுமாயிருந்த பெட்டிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் நின்றது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் மூன்றாம் தலைமுறைச் சிப்புகளுக்கு இடமில்லை. (லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 அதிலும் ஓடும்.) பெட்டிக்குள் ஒரு திருகுகூடத் தேயவில்லை. அதற்கு வயதாகிவிட்டது என்று வேறு யாரோ எங்கிருந்தோ அறிவிக்கிறார்கள். அப்பா சொல்வதும் சரி, பையன் சொல்வதும் சரி. அது ஓடுகிறது, அவன் ஆட நினைப்பது அதில் ஓடவில்லை.

எட்டாயிரத்தை எங்கே போடுவது என்பதில் பையன் தெளிவாக இருக்கிறான். ஏரிப் பாசனக்காரர்களுக்கு அவன் கணக்கு உடனே புரியும். மதகை முழுக்கத் திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர்ந்துகிடந்தால், வாய்க்கால் விடுகிற தண்ணீர்தான் கடைமடைக்குப் போகும். (முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று தனிக்குழு வைத்திருந்ததாக உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது.) ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பெட்டி கண் விழிக்கும் நேரமே மாறிவிடும், ஆனால் ஆட்டத்தின் ஓட்டம் அதனால் பெரிதாகக் கூடாது. எட்டு ஜிபி ராம் என்பது அந்த ஆட்டம் கேட்கும் குறைந்தபட்சம். பெரிய தூர் கிராபிக்ஸில்தான் இருக்கிறது. அலுவலகப் பெட்டிகளின் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுகளில் பல, மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். அதற்குமேல் போனால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். அப்புறம் பிராசஸர் பின்தங்கும், அதற்காக மதர்போர்டு, மதர்போர்டுக்காகப் புது ராம். கடைசியில் பழைய பெட்டியில் மிஞ்சுவது தகர டப்பாதான். 'போதும்' எங்கே நிற்கிறது என்று ஞானிகள் தேடியதை இவன் 75 வாட்டில் கண்டுபிடித்திருக்கிறான்.

இனி அந்தக் கணக்குக் காட்டும் விஷயம். 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி அறிவிக்கப்பட்டபோது எத்தனை ஏளனம்! "சோத்துக்கு வழியில்ல, டிவி ஒரு கேடா?" அதை எதிர்த்துத் தொடங்கிய வழக்கில் பிற்பாடு மடிக்கணினி, மிக்ஸி, கிரைண்டரும் சேர்ந்துகொண்டன. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், இப்படிக் கொடுப்பது அரசின் வழிகாட்டு நெறிகளோடு தொடர்புடையதே என்று ஏற்றது. கூடவே, தேர்தல் வாக்குறுதிகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. ஆனால் டீக்கடையில் அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2011-இல் வெளியிட்ட நூலில் மொராக்கோ கிராமத்து மனிதர் ஒருவர் வருகிறார். சாப்பாடு போதவில்லை என்கிற அவர் வீட்டில் டிவியும் டிவிடி பிளேயரும் இருக்கின்றன. கேட்டால், சாப்பாட்டைவிட டிவி முக்கியம் என்கிறார். ஆறு மணிக்கு இருட்டிப்போய், போக ஓர் இடமும் இல்லாத ஊரில் இருந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றை, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று, விளையாட்டுக்கே கொடுத்தவர்கள் நாம். கடவுள் விளையாடினால் லீலை. சம்பளக்காரன் விளையாடினால் "இந்த வயசுல கேமா?"

இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் சிலர் பையனுக்காக வாதாட வருவார்கள். கேம் ஆடினால் கம்ப்யூட்டர் அறிவு வளரும், வீடியோ எடிட்டிங் கற்கலாம், யூடியூபில் சம்பாதிக்கலாம் என்பார்கள். எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. பழைய 'படிப்புக்கு'தான் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. வசதியான வீட்டுப் பையன் லட்ச ரூபாய்க்கு வாங்கினால் யாரும் பயன் கேட்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் டெல் ஆலை 2007-இலிருந்து கம்ப்யூட்டர் செய்கிற மாவட்டம் இது. செய்யலாம், ஆடக்கூடாதா? ஷிப்ட் முடிந்து வந்து கூட்டாளிகளோடு ஒரு மணி நேரம் ஆடுவது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அதற்குமேல் காரணம் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். காரணத்தில் பொய் சொல்லிப் பழகியவன் நாளைக்குச் செலவிலும் சொல்வான்.

அதற்காக அப்பாவைக் கஞ்சன் என்று ஒதுக்கவும் முடியாது. ஒப்பந்த வேலை, 'நாளைலேருந்து வராத' என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். மகள் நர்சிங் படிக்கிறாள். அவர் கண்ணுக்கு எட்டாயிரம் என்பது கார்டு அல்ல, வேலையில்லாத ஒரு மாதத்தின் அரிசி, கேஸ், கரண்ட் பில். விளையாடாதவர் தலையில் அந்தச் செலவு விழுமா என்றுதான் நான் பார்ப்பேன். பையனுடைய ஓவர்டைம் காசு என்றால் அவன் இஷ்டம். தவணையில் வாங்குகிறேன் என்றாலோ, அம்மா பெயரில் மகளிர் குழுக் கடன் என்றாலோ நான் அப்பா பக்கம் போய்விடுவேன்.

இதற்கிடையில் 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுக்க ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டன. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த குரூசியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. பூனை டான்ஸ் ஆடுகிற வீடியோவையும் அந்த மையங்கள்தான் தயாரித்துத் தள்ளுகின்றன. அங்கே போய் 'இன்னாத்துக்கு?' என்று கேட்க ஓர் அப்பா இல்லை.

பையனுக்கு வேண்டியது பழைய டிடிஆர்3 ரகம். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் ஒன்று எடுத்தான், எஸ்எஸ்டியும் வாங்கிவிட்டான். இரண்டும் ஓவர்டைம் காசு. கார்டு பொங்கலுக்கு அப்புறம்தான் என்றிருக்கிறான். தங்கச்சிக்கு இந்த மாதம் பீஸ் கட்ட வேண்டும்.