வென்றவர்கள் இழந்த வீடு

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அந்த மலைக்கு வந்து சேர்ந்தது பற்றி ஒரு கதை உண்டு. வடாற்காடு மாவட்டக் கையேட்டைத் தொகுத்த ஆங்கில அதிகாரிகள் அதைக் கேட்டு எழுதிவைத்தார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தம் தொகுதிகளில் அதையே மறுபடி அச்சேற்றினார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர்கள் ஏளனமாக மறுத்தார்கள். அவமானப்பட்ட வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரை போய்விட்டுத் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. அந்தப் பக்கம் ஏழு பேரும் வேடர்களைக் கொன்று பழி தீர்த்துக்கொண்டார்கள். வெற்றியோடு காஞ்சிக்குத் திரும்பினால் அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. மனைவிகள் தாலியறுத்திருந்தார்கள். செத்தவர்கள் கணக்கில் எழுதப்பட்டவர்களுக்கு ஊரில் இடமில்லை. போக்கிடம் இல்லாமல் அவர்கள் வேடர் குலப் பெண்களையே மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள், நிலம் திருத்தினார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இது வரலாறா என்று நான் கேட்கப் போவதில்லை. கதையாகவே இதில் ஒரு கடுமையான அறிவு இருக்கிறது. சண்டையில் அவர்கள் தோற்கவில்லை, முழுதாக வென்றார்கள். எந்த வீட்டின் மானத்துக்காகப் புறப்பட்டார்களோ அந்த வீடுதான் போயிற்று. பிறகு பிழைப்பதற்குக் கிடைத்த ஒரே வழி, எதிரியின் வீட்டோடு சம்பந்தம் செய்துகொள்வது. முதல் நாளே பெண் கேட்டு வந்தவர்களை ஏளனம் செய்யாமல் அனுப்பியிருந்தால் ஆற்றைத் தாண்டியிருக்கவே வேண்டாம். ஆனால் அந்த வேடப் பெண்களை யாரும் கேட்டார்களா என்பது கதையில் இல்லை.

இந்த மலையின் தெற்கே, செங்கம் வட்டாரத்தில், பல்லவர் கால நடுகற்கள் நிறைய உண்டு. ஆநிரை கவர வந்தவரோடு பொருது விழுந்தவர்கள், கவரப் போய் விழுந்தவர்கள் என்று கல்லில் பெயர் பெற்றவர்கள் பலர். எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. கள்ளரோடு போராடிய நாய் அது. (பாலாற்றில் பாதியில் திரும்பிய ஏழு நாய்களுக்கு யாரும் கல் நடவில்லை; ஆனால் அவற்றின் முடிவுதான் நல்ல முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.) இரண்டு ஊர்களுக்கு நடுவில் போய் நின்று, மாடுகளைத் திருப்பிக் கொடுக்கவைத்து, ஒருவரும் சாகாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு கல் நட்டதாக நான் படித்ததில்லை. சாவு நடக்காத இடத்தில் கல்லுக்கு என்ன வேலை?

கிறிஸ்துவின் சீடன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன் இந்தக் கல் கிடைக்காத பக்கத்தில் நிற்கக் கடமைப்பட்டவன். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பேறுபெற்றவர்கள் என்று அழைத்தவர்களில் சமாதானத்தை உண்டாக்குகிறவர்களும் உண்டு. அதே பிரசங்கத்தில் காணிக்கை பற்றிய பேச்சும் வருகிறது. பீடத்தருகே வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போ என்கிறார். உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்பது அல்ல அங்கே பேச்சு. அவனுக்கு உன்மேல் இருந்தால். எனக்கு ஒருவர்மேலும் வருத்தமில்லை என்று சொல்லிக்கொண்டு திருவிருந்துக்கு வருகிறவர்கள் நம்மில் பலர். கேள்வியே வேறு.

இந்த உபதேசத்தை நம் சபைகளில் பெரும்பாலும் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். அடிபட்டவனிடம் போய்ச் சமாதானமாக இரு என்கிறோம். 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது நினைவிருக்கலாம். ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். வன்னியர் ஒரு பக்கம், தலித்துகள் ஒரு பக்கம். தங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டார்கள். சவ ஊர்வலம் போகும் பாதையில்கூடப் பாகுபாடு இருந்ததுதான் அதற்குப் பின்னணி. மோதல் வெடித்தது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் இடித்தபோதும் சமாதானம் கெட்டுவிட்டது என்றுதான் ஒரு சாரார் குற்றம் சாட்டினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் நின்ற காலமெல்லாம் அங்கே சத்தம் இல்லை. அதைச் சமாதானம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, சுவர் விழும் சத்தம் கலகமாகத்தான் கேட்கும்.

அப்படியானால் விட்டுக்கொடுப்பது எங்கே நல்லது, எங்கே கோழைத்தனம்? என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கலாம். இன்னொருவரின் உரிமையை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. ஈசாக்கு கேரார் பள்ளத்தாக்கில் கிணறு தோண்டினான். ஊரார் வந்து தண்ணீர் எங்களது என்றார்கள். விட்டுவிட்டு அடுத்த கிணறு தோண்டினான். அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றுக்குச் சண்டை போட ஒருவரும் வரவில்லை. கிணறு வெட்டியவனுக்குத்தான் அதை விட்டுப் போகும் வலி தெரியும். பாடுபட்டுத் தோண்டி எடுத்த தண்ணீர் அது. ஆனால் அவன் விட்டது தான் வெட்டியதை.

ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது திருப்பத்தூர். இங்கிருந்துதான் புதூர்நாட்டுக்கு மலைப்பாதை ஏறுகிறது. 1921இல் இரண்டு மருத்துவர்கள் இங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், கம்பளி நூல் ஆலைகளால் செல்வம் சேர்த்த ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. ஏசுதாசன் பிரிட்டனில் மருத்துவம் படிக்கப் போன காலத்தில் நண்பர்களானவர்கள். மிஷன் ஊழியத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்ய நினைத்தார்கள். ஆனால் வெள்ளையருக்கு ஒரு தராதரம், இந்தியருக்கு ஒரு தராதரம் என்று அன்றைய மிஷன்களில் ஊறிப்போயிருந்த ஒழுங்கு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. இதே வலியைத்தான் 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் தமிழ்ப் போதகர் வி. எஸ். அசரியா எழுந்து நின்று சொன்னார். தியாகம் நிறையச் செய்திருக்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். மேடையில் இருந்த பலருக்கு அது உறைத்தது, சிலருக்கு எரிச்சலூட்டியது.

ஏசுதாசனும் பேட்டனும் அறிக்கைப் போர் நடத்தவில்லை. வெளியே வந்து வேறு கிணறு தோண்டினார்கள். ஆசிரமத்தில் சம்பளம் இல்லை, திருமணம் இல்லை. கதர் உடுத்தினார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள், தமிழ்க் கோயில் கட்டடக் கலையில் ஜெபாலயம் எழுப்பினார்கள். மூத்தவரைப் பெரியண்ணன் என்றும் இளையவரைச் சின்னண்ணன் என்றும் ஊர் அழைத்தது. வெள்ளையன் சின்னண்ணன்! ஆட்சி யார் கையில் இருந்ததோ அவன் இனத்தைச் சேர்ந்தவர் தமிழருக்குத் தம்பியாக இருக்க ஒப்புக்கொண்டார். இன வேற்றுமையைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினாலும் இந்த ஒரு அழைப்பு செய்த வேலையைச் செய்திருக்காது.

ஆசிரமம் என்றால் உலகத்தை விட்டு ஒதுங்குவது என்று நினைப்பவர்களுக்கு 1932ஐ நினைவூட்ட வேண்டும். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்திய பேட்டன் காவல்துறையின் தடியடிக்கு ஆளானார். அவர்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். பிறகு அவர்மேலேயே வழக்கும் போட்டு, பின்னர் கைவிட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதே தெருவில் அதே தடியால் அடிபட்ட எத்தனையோ இந்தியருக்காக அப்படி ஒரு கேள்வி எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்றாலும் அவர் அங்கே நின்றது வீண் அல்ல. தன் இனத்தின் சலுகையை அவர் அந்தத் தெருவில் கழற்றி வைத்துவிட்டு நின்றார். அது அவருடையது, கழற்றி வைக்க அவருக்கு உரிமை இருந்தது. அடித்தவர்களைப் பழிவாங்கும் இயக்கம் எதையும் அவர் நடத்தவில்லை. திருப்பத்தூர் நோயாளிகளிடம் திரும்பிவந்தார். ஏசுதாசன் 1969இலும் பேட்டன் 1970இலும் காலமானார்கள். ஒருவர் போன மறு ஆண்டே மற்றவர்.

மலைமேல் சமாதானத்துக்கு வேறு ஒரு முறை உண்டு. ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் தகராறு என்றால் ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவது பழைய வழக்கம். தீராவிட்டால் பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்குப் போகும். அபராதம் விதிப்பார்கள். அந்தப் பஞ்சாயத்துகளைப் புகழ்ந்து தள்ள எனக்கு விருப்பமில்லை. பெண்ணின் பேச்சுக்கு அங்கே எடை குறைவு, வலுவானவன் பக்கம் தராசு சாயவும் செய்யும். ஆனால் அங்கே கூடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். தீர்ப்புக்குப் பிறகும் இருவரும் அதே சரிவில் சாமை விதைக்க வேண்டும், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வர வேண்டும். ஆகவே யார் ஜெயித்தார் என்பதோடு பேச்சு முடிவதில்லை. நகரத்து வழக்காளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தீர்ப்புநகலை வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம். சபை என்பது போய்விட முடியாத இடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் பங்கு உண்டு.

இதை எழுதும்போது தென்னிந்தியத் திருச்சபையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1919இல் தரங்கம்பாடியில் சில போதகர்கள் கூடி, ஐரோப்பாவில் ஐரோப்பியர் போட்டுக்கொண்ட பிரிவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் அசரியாவும் இருந்தார். அதன்பின் 28 ஆண்டுகள் கமிட்டிகள், வரைவுகள், திருத்தங்கள். ஆயர் பட்டம் பற்றி ஒரு தலைமுறையே விவாதித்தது. இத்தனை சலிப்பூட்டும் வேலை சமாதானத்தைத் தவிர வேறெதற்கும் நடந்திருக்காது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. அசரியா 1945 ஜனவரி முதல் நாளே இறந்துவிட்டிருந்தார்.

அப்படிச் சேர்ந்த திருச்சபையின் பெயர் இன்று வழக்குப் பட்டியல்களில் ஓயாமல் வருகிறது. தேர்தல், பதவி, சொத்து. அதன் உச்ச மன்றமான சினாடின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலை வரை போயிற்று. கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, அதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று பவுல் கேட்டார். நம் பாஸ்டரேட்டுகளில் இந்தக் கேள்வியை யாராவது எழுப்பினால் உடனே ஒரு பதில் வரும்: இது என் சொந்தச் சொத்தா விட்டுக்கொடுக்க, முன்னோர் கொடுத்த சபைச் சொத்து அல்லவா?

நியாயமான பதில்தான். பள்ளிக்கூட நிலத்தை ஒருவன் விற்றுத் தின்றால் அவனைத் தடுக்க நீதிமன்றம் போவதில் பாவமில்லை. போகாமல் இருப்பதுதான் பாவம். அது ஏழைப் பிள்ளைகளின் நிலம். ஆனால் வழக்குக்கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் அதில் எத்தனை பங்கு நிலத்துக்காக, எத்தனை பங்கு நாற்காலிக்காக? நாற்காலி என்னுடைய ஆசை. அதை விடலாம். தேர்தலில் தோற்ற அவமானம் என்னுடையது. அதையும் விழுங்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுத்து, என் மானத்தைச் சபையின் மானம் என்று பெயர் சூட்டி மனுவில் எழுதும்போதுதான் சீடத்துவம் கெடுகிறது. இதில் எல்லாக் கட்சியாரும் ஒன்றுதான். எதிர்க்கட்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தவனைத் துரோகி என்று சொந்தக் கட்சியே விலக்கிவைக்கும் பாஸ்டரேட்டுகள் உண்டு.

ஆபிராமின் வாழ்க்கையில் இந்த வேறுபாடு துல்லியமாக இருக்கிறது. மேய்ச்சலுக்காக மேய்ப்பர்கள் சண்டையிட்டபோது, மூத்தவராக இருந்தும், சகோதரன் மகன் லோத்துவை முதலில் நிலத்தைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். செழித்த நிலம் லோத்துவுக்குப் போயிற்று. பிறகு அதே லோத்துவை அரசர்கள் சிறைபிடித்துப் போனபோது, 318 பேரைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் போய் மீட்டுவந்தார். புல்லுக்குச் சண்டை போடாதவர் ஆளுக்காகப் போனார். மீட்டுவந்த பொருளை நீயே வைத்துக்கொள் என்று சோதோமின் ராஜா சொன்னபோது, செருப்பு வாரைக்கூடத் தொட மாட்டேன் என்றார். ஆனால் தம்மோடு வந்த ஆநேர், எஸ்கோல், மம்ரே ஆகியோரின் பங்கை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.